அடுப்பும் கட்டிலும் ஏற்றிய வண்டி

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அதனால் எந்த ஊருக்கும் சும்மா போக மாட்டார். புறப்படும் நேரம், சேரும் நேரம், நடுவில் டீக்கு எத்தனை நிமிஷம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டுதான் செருப்பையே மாட்டுவார். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாலும் "பத்து நாப்பதுக்கு எடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நிற்பார். அப்படிப்பட்டவர் போன வருஷம் மார்கழியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்து, முதல் பக்கத்தில் ‘கேரவன் பயணம், மூன்று நாள்’ என்று எழுதி அடியில் ரெண்டு கோடு போட்டார்.

அன்னவாசலில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை கேரவன் என்றால் நடிகைகள் உட்கார்ந்து மேக்கப் போடுகிற ஏசி வண்டி. எங்களுடையதில் ஏசியும் கிடையாது, நடிகையும் கிடையாது. ரிட்டயர் ஆன பிறகு அவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தார் புது வண்டி எடுத்தபோது பழசை இவர் வாங்கிக்கொண்டார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, மேலே பிளைவுட் போட்டுக் கட்டில் ஆக்கினார். கட்டிலுக்கு அடியில் மூன்று இழுப்பறை. பின்கதவைத் திறந்தால் ஒரு மடக்கு மேஜை, அதன்மேல் ஒற்றை அடுப்பு. கூரையில் சின்னத் தண்ணீர் டேங்க், ஜன்னலுக்கு என் பழைய வாயில் சேலையில் திரை. இத்தனைக்கும் ஆர்டிஓ ஆபீசுக்கு நாலு தடவை அலைந்து அனுமதி வேறு வாங்கினார்.

"வண்டிக்குள்ள பாத்ரூம் இருக்காக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"அதுக்குத்தான் பெட்ரோல் பங்க் இருக்கே" என்றேன். நான் கிண்டலாகச் சொன்னது. ஆனால் அவர் உள்ளே போய், வழியில் இருக்கிற பங்குகளை எல்லாம் சிவப்பு மையில் நோட்டில் குறித்துவிட்டார். கோயில்களுக்குக்கூட நீல மைதான்.

போகிற வழி, கஜா புயல் புரட்டிப் போட்ட பக்கம். புதுக்கோட்டை, ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணி, அங்கிருந்து கடலோரமாகக் கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், பிறகு அறந்தாங்கி வழியாக வீடு. வேலையில் இருந்தபோது பாதி நாள் அந்த ரோட்டில்தான் ஓட்டினார். "எந்த வளைவுல எந்த மரம்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். இப்ப அங்கிட்டு என்ன முளைச்சிருக்குன்னு ஒரு தடவை மெதுவாப் பாத்துட்டு வரணும்" என்றார். புயலுக்குப் பிறகு ஊர்கள் எழுந்து உட்கார்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் முழுசாக எழுந்து நிற்கவில்லை என்றுதான் வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள்.

ரெண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு விதி எழுதினார். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது. "அடிபட்ட ஊருக்குப் போறோம். ஒரு வாய் தண்ணிகூட அவங்ககிட்ட கேக்கக் கூடாது. படுக்கை நம்மது, சாப்பாடு நம்மது" என்றார். எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. நான் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். இன்றைக்கும் ஒரு கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு முகம் தெரியாது, தலைக்கு இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு என்றுதான் தெரியும். மூன்று நாளுக்கு ரெண்டு பேருக்கு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, சாம்பார்ப் பொடி முதல் உப்பு வரைக்கும் டப்பாவில் போட்டு, டப்பா மேல் பேர் ஒட்டி வைத்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த நோட்டில் இருந்த ஊர்களில் எனக்கு முக்கியம் ஒன்றே ஒன்றுதான். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் என் அக்கா இருக்கிறாள். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். புயலுக்குப் பிறகு அவள் என் வீட்டில் கை நனைக்கவில்லை. வருவாள், பேசுவாள், சிரிப்பாள். இலை போட்டால் மட்டும் அவளுக்கு அன்றைக்கு விரதம், இல்லையென்றால் பல்வலி. என் மகள் கல்யாணத்தில் தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசியது முதல் பந்தியில் பாயசம் ஊற்றியது வரைக்கும் எல்லாம் அவள்தான். கடைசிப் பந்தியில் கையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்பறம்" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. கல்யாண மண்டபத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். புயலில் தென்னந்தோப்பு போன துக்கம் என்று முதல் வருஷம் நினைத்தேன். புயல் நேரத்தில் நாம் கொண்டுபோய்க் கொடுத்தது போதவில்லையோ என்று அடுத்த வருஷம் நினைத்தேன். இந்தப் பயணத்தில் ஒரு ராத்திரி அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவளை உட்கார வைத்து என் கையால் சமைத்துப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ரகசியத் திட்டம். சொந்த அடுப்போடு போனால் அவள் எப்படி மறுப்பாள் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். கிறுக்கச்சி.

புயல் அடித்த அஞ்சாம் நாள் அங்கே போனதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கமும் மரங்கள் சாய்ந்து, கரண்ட் இல்லாமல்தான் கிடந்தோம். ஆனால் அக்கா ஊரில் தென்னை, பலா ஒன்றும் மிச்சமில்லை என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே மின்கம்பம் நடப் போன ஆட்களிடம் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். ஒரு சின்ன லோடு வண்டியில் அரிசி, பருப்பு, தார்ப்பாய், மெழுகுவத்தி, தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றி, இவரே ஓட்டினார். ரோட்டை அடைத்துக் கிடந்த மரங்களை ஊர்க்காரர்கள் வண்டி அகலத்துக்கு மட்டும் அறுத்து விலக்கியிருந்தார்கள். அக்கா வீட்டு ஓடு பாதி இல்லை. தோப்பு வேரோடு படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ரெண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதோம்.

வண்டியைச் சுற்றித் தெருப் பெண்கள் வந்து நின்றார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லி, வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தேன். அவர்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு வரிசையில் நின்றார்கள். முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். வெட்டவெளியில் மூன்று செங்கல் அடுப்பு. சோறு வடித்து, சேவல் அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். தார்ப்பாயை விரித்து ரெண்டு இலை போட்டிருந்தாள்.

என் கண் இலைக்குப் போகவில்லை, பானைக்குத்தான் போனது. இந்தச் சோறு இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே காணாதே என்று மனசு அளந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம் அது. பிள்ளைகள் சோற்றில் அமைப்பாளர் கை வைக்கக் கூடாது. அக்கா காதோரம் போய், "வேணாங்க்கா, நாங்க சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம். பிள்ளைகளுக்குப் போடு" என்றேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில் வண்டி ஏறினேன். வழியில் பசி தாங்கவில்லை. ஒரு மைல் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தி, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்து ரெண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம்.

பயண விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் தயார் ஆனதும் அக்காவுக்குப் போன் போட்டேன். தை கடைசியில் வருகிறோம், ஒரு ராத்திரி உன் வாசலில் வண்டி நிற்கும் என்று சொன்னேன். குரலிலேயே அவளுக்குச் சந்தோஷம் தெரிந்தது.

"ராத்திரிக்கு என்ன செய்யட்டும்? ஒங்க வீட்டுக்காரரு இடியாப்பம் நல்லாச் சாப்பிடுவாருல்ல?"

"ஒண்ணும் வேணாங்க்கா. நீ சிரமப்படாத. அடுப்பு, அரிசி, தண்ணி எல்லாம் வண்டியிலயே இருக்கு. படுக்கையும் வண்டியிலதான்."

"அப்ப எதுக்கு இங்கிட்டு வாரீங்க? ரோட்டோரமாவே நிப்பாட்டிக்கங்க. ஒங்களுக்குத்தான் பழக்கம் இருக்கே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

என்ன பழக்கம் என்று எனக்கு விளங்கவே இல்லை. கோபம்தான் வந்தது. பாவம் என்று பார்த்தால் இப்படிப் பேசுகிறாளே என்று அன்றைக்கு முழுக்க ஏனத்தை எல்லாம் டங்கு டங்கென்று வைத்தேன். இவர் நோட்டை மூடிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் ஏனத்தை உருட்டும்போது எங்கே இருக்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் அத்தான் பேசினார். அக்கா வீட்டுக்காரர். அவர் தானாகப் போன் போடுவது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் பெரிசு. வயலில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"இந்தா பாருத்தா, நான் சொன்னேன்னு சொல்லிராத. அன்னைக்கு நீங்க கெளம்புனதும், விழுந்த மரத்துத் தேங்காய ஒரு மூட்டை கட்டி மொபெட்டுல வச்சுக்கிட்டு ஒங்க பின்னாலயே வந்தேன். ரோட்டோரமா உக்காந்து ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. சாப்பிடுறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணனும்னு அப்படியே திரும்பிட்டேன். தேங்காயோட திரும்பி வந்தவன அவ என்னன்னு கேட்டா. எனக்குப் பொய் சொல்ல வரலத்தா."

அவர் மேலே என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆறு வருஷம். என் வீட்டுச் சோற்றை அவள் தொடாத ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் புளிச்சோற்றைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அவள் வீட்டை நான் வீடாகப் பார்க்கவில்லை, என் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் ஒரு வரியாகப் பார்த்துவிட்டேன். அந்தத் தப்பையே இப்போது கட்டில் போட்டு, திரை தைத்து, டேங்க் மாட்டி, ஆர்டிஓ அனுமதியோடு திரும்பச் செய்ய இருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சும்மா இல்லை, அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதே முகத்தை மூடிக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன். "எலையில நான் மட்டுமாச்சும் உக்காந்திருக்கலாம்" என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. அவ்வளவு சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது.

"நாளைக்கு நான் போயிட்டு வாரேன். நீங்க வேணாம்" என்றேன்.

"ஏழு இருபது வண்டியில ஏறு. புதுக்கோட்டையில எட்டரைக்கு ஒரு வண்டி எடுப்பான்" என்றார்.

நான் காலையில் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினேன். பழம், பூ, பிஸ்கட் ஒன்றும் வாங்கவில்லை. அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போனது என் ஆயுசில் அன்றைக்குத்தான். கையில் ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஆலங்குடி தாண்டியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னெல்லாம் அந்த ரோட்டில் வெயில் விழாது. இப்போது தோப்புக்குள்ளே வானம் தெரிந்தது. ஆனாலும் புதுத் தென்னைகள் ஆள் உயரம் தாண்டி வந்துவிட்டன. சிலதில் முதல் பாளை வெடித்திருந்தது. நிவாரணத்துக்கு வந்த தார்ப்பாய் ஒன்று சாயம் போய் வைக்கோல் போரை மூடிக் கிடந்தது. ஒரு தோப்பில் தென்னைக்கு நடுவே மல்லிகை போட்டிருந்தார்கள். பெண்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். என் கவலைக்கு நடுவிலும் அது கண்ணுக்கு நன்றாக இருந்தது.

போய்ச் சேரும்போது பதினோரு மணி இருக்கும். அக்கா வாசலில் உட்கார்ந்து கீற்று முடைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. என் கையைப் பார்த்தாள், பையைத் தேடினாள் போல.

"பசிக்குதுக்கா. சோறு இருந்தாப் போடு" என்றேன்.

"இன்னும் ஒலை வைக்கல. பழசுதான் இருக்கு."

"பழசே போடு."

உள்ளே போனாள். கழுவியிருந்த தட்டைத் திரும்பக் கழுவுகிற சத்தம் கேட்டது. பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, முதல்நாள் மீன்குழம்பைச் சுண்ட வைத்து ஊற்றினாள். உரித்த வெங்காயம் நாலு. நான் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். தட்டு பாதி காலியானதும் கேட்காமலே இன்னொரு பிடி வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். அந்த மீன்குழம்பு மாதிரி ஒரு குழம்பை நான் இதுவரைக்கும் சாப்பிட்டதில்லை. இது முகஸ்துதி இல்லை, அவளிடமே சொன்னேன்.

"நெசமாவே சாப்பிடாமத்தான் வந்திருக்க" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

எதிரே உட்கார்ந்தாள். "அன்னைக்கு ஆக்குன சோறு என் சோறுன்னு நெனச்சியா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"என் வீட்டுல ஒரு மணி அரிசி காயல. எல்லாம் நனைஞ்சு போச்சு. வெளியூர்லேர்ந்து மொதமொத நம்ம தெருவுக்கு ஆளுக வாராங்க, வெறும் வயித்தோட அனுப்பக் கூடாதுன்னு எட்டு வீட்டுல ஆளுக்கு ஒரு கை அரிசி கொண்டாந்து குடுத்தாளுக. சேவலு எதுத்த வீட்டுக்காரியோடது. கூடு பறந்து போயி அது ஒண்ணுதான் தப்பிச்சிருந்துச்சு. நீ உக்காந்து சாப்பிடுறதப் பாக்கணும்னுதான் அத்தனை பேரும் வந்து நின்னாளுக. நீ வரிசையில நிக்கச் சொன்ன."

அக்கா தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் அழுதேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள். அதுவும் நியாயம்தான். கொஞ்ச நேரம் கழித்து என் தட்டில் இருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு நாளுதானே வண்டிப் பயணம்?"

"ஆமா."

"மூணு நாளைக்கு ஒம்போது வேளை. அந்த எட்டு வீடும் எங்க வீடும் சேந்தா ஒம்போது. வண்டிய இங்கயே நிப்பாட்டிட்டு வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போங்க. கடலு எங்கயும் ஓடிப்போகாது, அடுத்த வருசம் போய்ப் பாத்துக்கலாம்."

வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு, சொல்கிற விதத்தில் சொன்னால் இதற்கும் நேரம் போட்டு எழுதிக்கொள்வார் என்று தோன்றியது. ஆனால் எனக்கு வேறு பயம் வந்தது. வரிசையில் நிற்க வைத்த எட்டுப் பெண்களின் வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்.

"எல்லாரும் எம்மேல கோவமா இருப்பாங்களேக்கா."

"ஒருத்திக்கும் கோவம் இல்ல. எனக்குத்தான் கோவம்" என்றாள். "அன்னைக்கு நீ போனதும் என்னான்னு வந்து கேட்டாளுக. ஒனக்கு வயித்துப்போக்கு, சோத்தப் பாத்தாலே கொமட்டுது, ஆசையா உக்கார வந்தவ அழுதுக்கிட்டே போறான்னு சொல்லிட்டேன். அன்னையிலேர்ந்து எங்க பாத்தாலும் கேக்குறாளுக, ஒன் தங்கச்சிக்கு வயிறு தேவலையான்னு. எதுத்த வீட்டுக்காரி போன ஆடியில செத்துப் போனா. படுக்கையில கெடக்கையிலயும் கேட்டா. இப்ப அவ மருமக ஆக்கிப் போடுவா."

அக்கா எழுந்து என் தட்டை எடுத்தாள்.

"எல்லா வீட்டுலயும் கேப்பாளுக" என்றாள். "தேவலைன்னு சொல்லிரு."

"சொல்றேங்க்கா" என்றேன்.